ஸ்ரீநகர் டூ லே: பறந்தால் 255 கி.மீ., காரில் 420 கி.மீ.! எது பெஸ்ட்?

ஸ்ரீநகரிலிருந்து லே விமான நிலையம் வான்வழியே சுமார் 255 கி.மீ. தான். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சாலையில் போனால் 420 கி.மீ.! சோனாமார்க், ஜோஜிலா கணவாய், திராஸ் தாண்டி, பலரும் கார்கிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள்தான் லே சேர்கிறார்கள்.

ஆனால், விமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம். லே 3,500 மீட்டர். திடீரென அவ்வளவு உயரத்தில் இறங்கினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். மிச்சமான நேரத்தை முதல் 2 நாள் ஓய்வுக்குக் கொடுத்துவிட வேண்டும். காரில் சென்றால், 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்கிலில் தங்கும் இரவிலேயே உடல் கொஞ்சம் பழகிவிடும்.

குளிர்காலத்தில் பனி ஜோஜிலாவை மூடிவிட்டால், லே மக்களுக்கு விமானம்தான் ஒரே கதி. இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.