சியாவோகாங்: 18 பேர் கைநாட்டு வைத்த கிராமம்

கிழக்குச் சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் இருக்கிறது ஃபெங்யாங் வட்டாரம். மிங் வம்சத்தை நிறுவிய பேரரசரின் சொந்த மண் இது. ஆனாலும், சின்ன மேளத்தைத் தட்டிப் பாடி ஊர் ஊராகப் பிச்சையெடுத்தவர்களின் பூமி என்றுதான் பெயர் வாங்கியது. இங்குள்ள சியாவோகாங் கிராமத்துக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். பெரிய நினைவகம் உண்டு. ஆனால், பார்க்கவேண்டியது அந்தக் காலத்து மண்சுவர், கூரை வீட்டைத்தான்.

1950-களில் இந்த விவசாயிகளின் நிலம் கூட்டுப் பண்ணைக்குள் போனது. 1958-ல் ‘மக்கள் கம்யூன்’ வந்ததும் ஏர், மாடு எல்லாம் பொது. வீட்டு அடுப்புகூட மிஞ்சவில்லை. எல்லோருக்கும் பொதுச் சாப்பாட்டுக்கூடம். இரும்புச் சட்டிகள் எஃகு உலைக்குப் போயின. அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கணக்குக் காட்ட, அந்தப் பொய்க் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. பிறகு பஞ்சம். கிராமத்தின் 120 பேரில் 67 பேர் பட்டினியால் இறந்தார்கள் என்கிறது ஊர்க்கணக்கு.

பஞ்சம் தணிந்த பிறகும் கூட்டுப் பண்ணை தொடர்ந்தது. நாளெல்லாம் வெட்டியவருக்கும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றவருக்கும் ஏறக்குறைய ஒரே ‘வேலைப் புள்ளி’. பிறகு யார்தான் முதுகு வளைவார்கள்?

1978 இறுதியில் ஓர் இரவு 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடினார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரிப்பது, அரசுக்குரிய தானியத்தை அளந்துவிட்டு மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்று முடிவு. அன்றைக்கு இது குற்றம். அதனால், தலைவர்கள் சிறைக்குப் போனாலோ தலையே போனாலோ, அவர்களின் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பதாகவும் எழுதிக்கொண்டார்கள். நிலப் பங்கீட்டுப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி! பலரும் சிவப்பு மையில் விரலைத் தோய்த்து உருட்டினார்கள்.

மறு ஆண்டு விளைந்தது சுமார் 66 டன் தானியம். 1966 முதல் 1970 வரையிலான ஐந்து ஆண்டுகளின் விளைச்சலைச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். இனி எதை மறைப்பது? நல்லவேளையாக, மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி தண்டிக்கவில்லை, ஆதரித்தார். 1980-ல் டெங் சியாவோபிங்கே பாராட்டினார். சில ஆண்டுகளில் நாடு முழுக்கக் கம்யூன்கள் கலைந்தன.

அந்த ஒப்பந்தம் இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலம்? பயிரிடும் உரிமைதான் குடும்பங்களுக்கு. காகிதத்தில் அது இன்னமும் கூட்டுச் சொத்து, விற்க முடியாது.