கருங்கூந்தல் மீளுமா?

'செம்பட்டை' என்னும் சொல்லை எம்மவர் ஒருகாலத்திற் புகழ்ச்சியாக வழங்கியதில்லை. எண்ணெய் காணாத தலைக்கும், வெயிலிலும் உப்புக்காற்றிலும் திரியும் பிள்ளைகளின் தலைக்குமே அப்பெயர் உரியதாயிருந்தது. இன்றோ அதே செம்பட்டையைப் பணங்கொடுத்து, நாலைந்து மணிநேரம் நாற்காலியில் அமர்ந்து, தலையில் வெள்ளித்தாள் சுற்றிப் பெற்றுவருகின்றனர். நாம் அதனைப் பழிக்க வரவில்லை. ஆசைப்பட்டு அணிந்த நிறத்தைக் களைந்து பழைய கருமையைப் பெற விழைவோர் படும் பாட்டையே இங்கு சொல்லப் புகுந்தோம்.

'ஹைலைற்ஸ்' என்று இளைஞர் சொல்வது பெரும்பாலும் சாயமிடுவதன்று. இருக்கும் நிறத்தை அழிப்பது. எமது மயிருக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். வெளிற்றும் தூளும் ஐதரசன் பரவொட்சைட்டும் சேர்ந்த குழம்பு மயிரினுட் புகுந்து அதனைச் சிதைத்துவிடுகின்றது. கருமை முதலிற் செம்பழுப்பாகும்; பின்னர் செம்மஞ்சள்; பின்னர் மஞ்சள்; அதற்கும் அப்பாற் சென்றால் வைக்கோல்தான். தலைக்கு வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்றதாகலின், இழந்த மெலனினை அது மீண்டும் ஆக்கிக்கொள்ளமாட்டாது. கையாந்தகரை எண்ணெய் மினுமினுப்பைத் தரும். வெளிறிய கீற்றைக் கறுப்பாக்காது. எமது அன்னையார் மட்டும் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

எமது பெறாமகள் ஒருத்தி, பல்கலைக்கழக மாணவி, கொழும்பிலே தோழியொருத்தியின் திருமணத்துக்கெனப் பொன்னிறக் கீற்றுகள் இட்டுக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அவை அவளுக்கு அலுத்துவிட்டன. அவ்வேளை பார்த்துக் கலியாணப் பேச்சும் ஒன்று வந்தது. "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகினம். ஒரு பக்கற் கறுப்பு மை வாங்கிப் பூசினால் அலுவல் முடிஞ்சுது" என்றனர் வீட்டார். அவளோ, "பெரியம்மா, எனக்கு என்ரை பழைய தலைமயிர்தான் வேணும். ஆனால் அவையளுக்காக இல்லை" என்றாள். இரண்டும் ஒன்றென்றே எல்லோரும் எண்ணினர்.

ஒன்றல்ல என்பதற்குக் காரணம் உண்டு. இயற்கைக் கருங்கூந்தலை வெயிலிற் பிடித்துப் பாருங்கள். உள்ளே செம்மை ஒளிர்வது தெரியும். வெளிறிய மயிரில் அச்செம்மை இல்லை. அதன்மேல் நேரே கபில நிறத்தைப் பூசினால் பச்சையோடிய சாம்பல் நிறமே மிஞ்சும். கைதேர்ந்தோர் முதலிற் செம்பு நிறத்தை ஊட்டி, அதன்மேலேயே கருமையை ஏற்றுவர். இதனையெல்லாம் மறைக்கவல்லது மைக்கறுப்பு எனின், அது கண்டோர்க்குப் பொய்மயிர் போலத் தோன்றும். பிடிக்கவில்லையென்றால் வேறொரு சாயத்தால் அதனை வெளிறச் செய்யவும் முடியாது. மேலும், வெளிற்றிய மயிர் கடற்பஞ்சு போன்றது. சாயத்தை அவதியாய்க் குடிக்கும். சில முழுக்கில் உமிழ்ந்துவிடும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பக்கற்றின் உள்ளே கிடக்கும் தாளிலே, சிறிதளவு சாயத்தைத் தோலிலிட்டு 48 மணிநேரம் பார்க்கவேண்டும் என்று அச்சிட்டிருப்பர். அதனை வாசிப்பார் அரியர். எமது வற்புறுத்தலால் செவ்வாய் மாலை அவள் காதின் பின்னே ஒரு துளி இட்டாள். புதன் இரவு கடி எடுத்தது. வியாழன் காலையில் அவ்விடம் சிவந்து தடித்து நீர் கசிந்தது. மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "எப்போதாவது கையிலே கறுப்பு மெகந்தி போட்டதுண்டா?" என்பது. அதே திருமணத்திற் போட்டிருந்தாள்! கருஞ்சாயங்களிற் சேர்க்கும் பராபினைலீன்டயமீன் என்னும் பொருளைக் கறுப்பு மெகந்தியிலும் கலப்பதுண்டாம்; ஒருமுறை அதனாற் பகைகொண்ட தோல் பின்னர் அப்பகையை மறப்பதில்லையாம். அத்துளியைத் தலை முழுவதும் பூசியிருந்தால் வெள்ளிக்கிழமை அவள் முகம் எப்படி வீங்கியிருக்கும் என்பதை எண்ணவே எமக்கு நடுங்கிற்று.

அவள் பொன்னிறக் கீற்றுகளோடே பின்னல் பின்னி அவர்கள் முன்னே வந்தாள். பேச்சு முறிந்தது. காரணம் கூந்தலன்று, சாதகத்திற் செவ்வாய்! செந்நிறம் எங்கெல்லாம் குறுக்கே நிற்கின்றது, பார்த்தீர்களா?

பின்னர் ஆறுதலாக வேலையைத் தொடங்கினோம். மருதோன்றியும் அவுரியும் தூளாகக் கடைகளிற் கிடைக்கின்றன. வேறெதுவும் கலவாதவையா என்று பார்த்து வாங்கவேண்டும், சிறு துளியிட்டுச் சோதிக்கவும் வேண்டும். "அவுரிதானே கறுப்பு, மருதோன்றி என்னத்துக்கு?" என்றார் அன்னையார். வெட்டியெடுத்த கீற்றொன்றில் அவுரியை மட்டும் பூசிக் காட்டினோம். கிணற்றுப் பாசியின் நிறம் வந்தது. மற்றொரு கீற்றில் முதலில் மருதோன்றி இட்டு, செக்கச்செவேலென்று ஆனபின் அவுரியை இட்டோம். கழுவியபோது சற்றுப் பச்சையாய்த்தான் இருந்தது. இரண்டு நாளிற் காற்றுப்பட்டுக் கருங்கபிலமாயிற்று. அழகுநிலையத்தார் செம்பு நிறத்தால் செய்வதையே மருதோன்றியும் செய்கின்றது. கருமை செம்மை வழியாக வெளியேறியது. செம்மை வழியாகவே உள்ளே வந்தது. அன்னையார் இரண்டு கீற்றையும் நூலாற் கட்டித் தமது பெட்டகத்தில் வைத்துக்கொண்டார்.

மங்கையர் கூந்தலுக்கு மணம் இயற்கையோ செயற்கையோ என்று ஐயுற்ற பாண்டியன், நிறத்தைப்பற்றிக் கேட்டிருந்தாற் சங்கத்தார் பாடு இன்னும் திண்டாட்டமாய் இருந்திருக்கும். ஏனெனில் எமது பெறாமகளின் தலையில் இன்று இரண்டும் உண்டு. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். வெளிற்றிப் பதினேழு மாதம் ஆகின்றது. வேரிலிருந்து எட்டு அங்குலத்துக்குமேல் அவளுடையது, அதற்குக் கீழே கீற்றுகளிற் கிடப்பது அவுரியுடையது. இரண்டு மாதத்துக்கொருமுறை அதனைப் புதுப்பிக்கின்றாள். வெயிலில் நின்றால் எல்லை தெரியும்: மேலே மெல்லிய செம்மை, கீழே நீலம் பாய்ந்த கருமை. அவள் அதனை மறைப்பதில்லை. வரும் விடுமுறையில் தோளளவாக வெட்டிவிடப்போவதாகச் சொல்கின்றாள். அன்னையாரிடம் அதைச் சொல்லும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டிருக்கின்றது.