மீன் ரின்னும் அம்மாவின் தோசைக்கல்லும்

சமையலைப் பற்றி எழுத ஒரு வாத்தியாருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நாற்பது வயது வரை நான் குசினிக்குள் போனது தண்ணீர் குடிப்பதற்காக மாத்திரமே. என் மனைவிக்கு வன்னியிலுள்ள ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்ததோடு அந்தச் சுகவாழ்வு முடிந்தது. அவள் வெள்ளி மாலை வீடு வந்து, திங்கள் விடியுமுன் புறப்பட்டு விடுவாள். உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் இரவு எட்டு மணிக்கு ரியூசன் முடிந்து, புத்தகப் பையைக் கழற்ற முன்னரே, “அப்பா, சாப்பிட என்ன இருக்கு?” என்பான். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காலையில் தோசை சுடுவதை இன்றும் விட்டுக்கொடுக்காதவர். ஆயினும் பொழுதுபட்டபின் அடுப்படியில் நிற்க அவரால் இயலாது.

இந்த நெருக்கடியிலே எனக்குக் கைகொடுத்தவை இரண்டு: ஒரு றாத்தல் பாண், ஒரு மீன் ரின்.

செய்முறை எளிது. 155 கிராம் சிறிய ரின் இரண்டு பேருக்குப் போதும். மீனை வடித்து, முள்ளுக் கரண்டியால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். நடுமுள்ளை எடுக்க வேண்டியதில்லை. விரலால் நசுக்கினாலே மாவாகிவிடும், சுண்ணச்சத்தும் அதில்தான் இருக்கிறது. தாச்சியிலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, அரிந்த சின்ன வெங்காயம் ஏழெட்டு, பச்சைமிளகாய் இரண்டு. வெங்காயம் வாடியதும் மீனைப் போட்டு மிளகுதூள் தூவி இரண்டே நிமிடம் பிரட்டினால் ஆயிற்று. உப்புப் போடக் கூடாது. உப்புநீரில் அடைத்த மீனுக்கு அது வேண்டியதில்லை. முதல் நாள் நான் போட்டேன். மகன் மூன்று செம்பு தண்ணீர் குடித்தான்.

இரண்டு நிமிடம் போதுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு விளக்கம். ரின்னுக்குள் இருப்பது பச்சை மீனன்று. மீனை உள்ளே வைத்துக் காற்றுப் புகாமல் மூடியபின், ரின்னோடு சேர்த்து அழுத்த நீராவியில் ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ் வரை வேக வைக்கிறார்கள். காற்றில்லா இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வித்திகள் கொதிநீரின் சூட்டுக்குச் சாவதில்லை. ஆகையால்தான் அத்தனை வெப்பம். முள் மெத்தென்று போவதும் அதனாலேயே. (ரின் உப்பியிருந்தால், சுவைத்துப் பார்ப்போம் என்ற ஆராய்ச்சி வேண்டாம், எறிந்து விடுங்கள்.) 2022ஆம் ஆண்டிலே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, யாரோ எங்கோ வேகவைத்துத் தந்த உணவின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டவராகிய நாம் சிலி தேசத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் மீனைத் தகரத்தில் வருவித்து உண்பது விந்தைதான். ஆனால் குசினி, தாச்சி, பாண் என்ற மூன்று சொற்களையும் போர்த்துக்கேயரிடம் வாங்கிய நமக்கு இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனிப் பாண். இதிலேதான் அம்மா வருகிறார்.

அம்மா பிறந்த வீட்டில் மச்சம் புழங்காது. அப்பா மீன் உண்பவர். ஆகவே எங்கள் வீட்டில் மச்சச் சட்டி என்று ஒன்று தனியே இருந்தது. அது பின்கோடிக் கல்லடுப்பைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இப்போது கல்லடுப்பு இல்லை. மீனுக்கென்று ஒரு தாச்சி மாத்திரம் தனியாக உண்டு. தோசைக்கல்லோ அம்மாவினுடையது. அதில் மீன் படக் கூடாது. எனவே கல்லிலே வெறும் பாண் துண்டுகளை எண்ணெயின்றி இருபுறமும் பொன்னிறமாக வாட்டி, கோப்பைக்கு மாற்றி, பட்டர் தடவி, அதன்பிறகே மீனை மேலே வைப்பேன். அம்மாவுக்காகச் செய்த இந்த ஏற்பாடு சுவைக்கும் நல்லதென்று பின்னர் கண்டேன். மீனை வைத்துச் சுட்டால் பாண் ஈரத்தை உறிஞ்சிச் சவசவத்துப் போகிறது. வாட்டிய பாணில் உண்ணும் வேளையிலே வைத்தால் கடைசிக் கடி வரை மொறுமொறுப்புக் குறைவதில்லை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை நான் கூட்டமொன்றுக்குப் போய்த் தாமதித்து வந்தேன். மகன் தானே செய்து உண்டுவிட்டு, மிஞ்சிய இரண்டு துண்டுகளை, மீனும் மேலிருக்க, எனக்காகக் கல்லிலே வைத்துச் சூடாக்கித் தந்தான். களைப்பிலே நான் கவனிக்கவில்லை.

மறுநாட் காலை கல் காய்ந்ததும் மணம் எழுந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைத்தார். அன்று தோசை இல்லை.

“கழுவினாச் சரிதானே, அப்பம்மா?” என்றான் மகன். அவர் பதில் சொல்லவில்லை. மாலையிலே நான் அவனைத் தனியே இருத்தி ஒரு கதை சொன்னேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவின் சைக்கிளில் அரிசியும் துணிமணியும். அம்மா ஒரு சாக்குப் பையைத் தோளை விட்டு இறக்கவேயில்லை. அதற்குள்ளே இருந்தது இந்தத் தோசைக்கல். தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்கினோம். சில நாள் கழித்து அப்பா எங்கிருந்தோ ஒரு மீன் ரின் கொண்டு வந்தார். அதைத் திறக்கக் கருவியில்லை. 1810ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தகரக் குவளைக்கு உரிமம் பெற்றார்கள். திறப்பதற்கென்று ஒரு கருவி வரவோ மேலும் நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. அதுவரை உளியும் சுத்தியலுந்தான். அம்மா கத்தியை வைத்துச் செங்கட்டியால் அடித்துத் திறந்தார். தகரம் விரலைக் கிழித்தது. என் தங்கை பசியில் அழுதுகொண்டிருந்தாள். எங்களிடம் இருந்தவை ஒரு சோற்றுப் பானையும் இந்தக் கல்லுந்தான். அம்மா முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு மீனைக் கல்லிலே சூடாக்கி, ரொட்டியில் வைத்து எங்கள் இருவருக்கும் தந்தார். தாம் வெறும் ரொட்டி உண்டார். மறு ஆண்டு ஊர் திரும்பிய பின்னர் அந்தக் கல்லை நெருப்பிலே புதைத்து, சாம்பலால் தேய்த்து, எண்ணெயூட்டி எடுத்தார். அது முடியும்வரை எங்கள் வீட்டில் தோசை இல்லை.

மகன் மனம் இளகுவான் என்று எண்ணியே சொன்னேன். ஆனால் வாத்தியார் காட்டும் உதாரணத்தை வாத்தியாருக்கே எதிராகத் திருப்புவது மாணவர் வழக்கம். அவன் நேரே அம்மாவிடம் போனான்.

“அப்பம்மா, நீங்களும் இந்தக் கல்லிலை மீன் சுட்டனீங்களாமே?”

எனக்கு உடல் கூசியது. அந்த நாளைப் பற்றி அம்மா எங்களிடம் ஒருபோதும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அம்மா அவனைச் சிறிது நேரம் பார்த்தார். “ஓம் ராசா, சுட்டனான். அது பசி. நீ செய்தது அவசரம்.”

அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். சனிக்கிழமை காலை பின்கோடியிலே புகை தெரிந்தது. தென்னம்பாளையும் சிரட்டையும் போட்டுத் தீ மூட்டி, கல்லை அதிலே வைத்துக் காவலிருந்தான். அம்மா வாசற்படியில் அமர்ந்து, “இன்னும் சிரட்டை போடு; கல் வெளுக்க வேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணெயும் வெங்காயப் பாதியும் கொண்டு தேய்ப்பது எப்படியென்று அவரே அவன் கையைப் பிடித்துக் காட்டினார். விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவி, “பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை” என்று ஏதோ தொடங்கினாள். அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

திங்கள் இரவு மறுபடியும் மீன் ரின். பாணை வாட்டி வைத்துவிட்டு, தாச்சியில் மீனைப் பிரட்டி, அடுப்பு எரிய எரியவே தேசிக்காயை எடுத்துப் பிழியப் போனேன். குசினி வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

“தம்பி, அடுப்பிலை வைச்சே தேசிப்புளி விடாதை. கைக்கும். இறக்கிப்போட்டு விடு.”

தாச்சியை இறக்கி வைத்துப் பிழிந்தேன். மகன் இரண்டு துண்டு கூடுதலாக உண்டான்.