குதிரையும் லாயமும்

பாண்டிய நாட்டின் காயல் துறையில் ஒரு காலத்தில் அரபுக் குதிரைகள் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் அவ்வணிகத்தைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். கீஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்புவது. குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை. வழியில் இறந்துபடும் குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்துவிடும். இதுதான் உடன்படிக்கை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ மற்றொரு செய்தியையும் குறித்துச் சென்றார். இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்துபோயினவாம். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. லாடம் அடிக்கத் தெரிந்தவரும் இல்லை. குதிரையை இறக்கிய வணிகர்கள் லாடக்காரரை உடன் அழைத்து வரவில்லை.

நம்மவருள் ஒரு பெரும் பிரிவினருக்கு ராவுத்தர் என்னும் பெயரே குதிரையோடு பிணைந்து வந்தது. ஆதலின் இச்செய்தியைப் படிக்கும் எவருக்கும் ஒரு பெருமிதமும் ஒரு கூச்சமும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு. பாரிவாக்கத்துத் தெருக்களில் இப்போது ஆங்காங்கே நிற்கின்ற பழைய ஜெர்மானியக் கார்களைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தக் குதிரைகளின் நினைவு வருகிறது.

பாரிவாக்கம் பூந்தமல்லியை அடுத்த ஊர். ஏரியும் வயலுமாய் இருந்த நிலம் மனைகளாகிவிட்டது. ஒரு பக்கம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஒரு பக்கம் ஆவடி. அங்கே 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலைகள். அவ்வழியிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. அதை அமைத்த சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் தோன்றியது. அதற்கு முன் அச்சங்கத்தார் சோழவரத்திலிருந்த பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தினர். சென்னைவாசியான அக்பர் இப்ராஹிம் இத்துறையில் ஓட்டுநராகத் தொடங்கி, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்தவர். அவர் மகன் அர்மானும் பன்னாட்டுப் பந்தயங்களில் ஓட்டியவர். ஆகவே, இந்தப் பக்கத்து இளைஞனுக்கு இரும்பின் மீதும் வேகத்தின் மீதும் ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

அந்த ஆசை ஜெர்மானியக் கார்களைத் தேடிச் செல்வதற்கும் காரணம் உண்டு. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1976-இல் கோல்ப் ஜி.டி.ஐ. என்னும் சிறு காரை விற்பனைக்கு விட்டது. 110 குதிரைத்திறன் கொண்ட அக்காரில் 5000 விற்றாற் போதும் என்று எண்ணித்தான் தொடங்கினர். விற்பனையோ பல லட்சமாகப் பெருகிற்று. குடும்பம் ஏறிச்செல்லும் சாதாரணக் காருக்குள் பந்தயக் காரின் உயிரை வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது அது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் பந்தயத்துக்கென்றே 1972-இல் ஒரு தனிப் பிரிவைத் தோற்றுவித்து, 1986-இல் எம்3 என்னும் காரைத் தயாரிக்கலாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் நிறுவனம் தன் 500 ஈ காரைப் போர்ஷே நிறுவனத்தின் துணைகொண்டு, போர்ஷே தொழிலகத்திலேயே உருவாக்கிற்று. பார்வைக்கு அலுவலகக் கார், ஓட்டத்திலோ புரவி.

இந்தியாவுக்கு அவை மெல்ல மெல்ல வந்தன. 1995-இல் புனேயில் மெர்சிடிஸ் கார்கள் உருவாகத் தொடங்கின. 2000-களின் முற்பகுதியில் ஸ்கோடா நிறுவனத்தின் ஆக்டேவியா வந்தது. அது செக் நாட்டுப் பெயரேனும், அதன் ஒரு வகைக்குள் இருந்தது தாய் நிறுவனமான வோக்ஸ்வாகனின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின்; 150 குதிரைத்திறன். 2007-இல் நம் சென்னைக்குத் தெற்கே மகிந்திரா நகரில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2013-இல் வந்த போலோ ஜி.டி. இளைஞர் பலரின் கனவாயிற்று. 2022-இல் போலோவின் உற்பத்தி இங்கே நின்றுபோனதும் அந்த மோகம் பின்னும் கூடியது.

புதிதாய் வாங்க 30, 40 லட்சம் வேண்டிய கார், 15 ஆண்டு கழிந்தபின் புதிய சிறு கார் ஒன்றின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. நம் இளைஞருக்கு மற்றொரு காரணமும் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கிப் புதிய வண்டி எடுக்க மனம் ஒப்பாதவன், கையிலுள்ள ரொக்கத்துக்கு என்ன கிடைக்கும் என்று தேடுகிறான். நோக்கம் நல்லதே. ஆனால் விலை இறங்கியது காருக்குத்தான். அதன் உதிரிப் பாகங்களுக்கு விலை இறங்கவில்லை. 40 லட்ச ரூபாய்க் காரின் பிரேக் தட்டு, அந்தக் கார் 4 லட்சத்துக்கு விலைபோகும் நாளிலும் 40 லட்ச ரூபாய்க் காரின் பிரேக் தட்டாகவே இருக்கிறது. குதிரை மலிந்தது, லாயம் மலியவில்லை.

நம் தங்கை மகன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவன். நான்கு ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையோடு, தாய் உம்ராவுக்கென்று சேர்த்து வைத்திருந்த ஒரு லட்சத்தையும் கேட்டு வாங்கி, 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அப்படியொரு காரை வாங்கினான். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே வேண்டா. தரகர் ஒருவர் மூலம் வந்த வண்டி. பளபளப்பாய் இருந்தது. நான்காம் மாதம் கியர் மாற மறுத்தது. பிரித்துப் பார்த்தபோது, முன் இருக்கைக் காலடி விரிப்பின் கீழிருந்த மின்னணுப் பெட்டியின் முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. விரிப்பின் அடியில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி அது. விற்றவர் சொல்லவில்லை. சரிசெய்ய 2 லட்சத்து 40 ஆயிரம் என்றார்கள்.

அப்போது நண்பர் சிலர் அவனுக்கு ஒரு வழி காட்டினர். கணினிக் கருவியைச் செருகினால் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடலாம். முனைகளைத் துடைத்துவிட்டால் சில நாட்கள் வண்டி ஒழுங்காய் ஓடும். அதற்குள் விற்றுவிடு என்றனர். ஆவடியிலிருந்து ஒருவர் முன்பணத்தோடு மறுநாள் வருவதாயும் இருந்தது. அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான்.

“மாமு, எனக்கும் ஒருத்தர் சொல்லாமத்தானே வித்தார்? அம்மா காசு திரும்பி வரணும். நான் என்ன செய்யட்டும்?” என்றான்.

கேள்வி எளிதன்று. தாயின் உம்ராப் பணம் ஒரு தட்டில். முன்பின் அறியாத ஒருவரின் பணம் மறுதட்டில். நாம் அவனுக்குத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மதீனத்துக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டதையும், மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டதையும் மட்டும் நினைவூட்டினோம். அந்தத் தானியமும் வெள்ளம் பட்டது. இந்தக் காரும் வெள்ளம் பட்டது. அவன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் ஆவடிக்காரர் வந்தார். அவன் விரிப்பைத் தூக்கி வண்டலைக் காட்டினான். அவர் தேநீர் அருந்திவிட்டு, நன்றி சொல்லி, முன்பணத்தோடு திரும்பிப் போய்விட்டார். நம் தங்கை அன்று மாலை நம்மிடம், “அண்ணே, உம்ரா அடுத்த வருசம் போய்க்கலாம். பிள்ளை பொய் சொல்லி அனுப்பி வைக்கிற உம்ரா எனக்கு எதுக்கு?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததும் உண்மை.

கார் எட்டு மாதம் வேப்பமரத்தடியில் நின்றது. விடுமுறை நாட்களில் அவன் புதுப்பேட்டைக்குச் செல்லலானான். சென்னையில் பழைய வாகன உதிரிகளுக்கு அத்தெருக்களைவிட்டால் வேறு போக்கிடம் அரிது. அங்கே எல்லோரும் ‘பாய்’ என்றழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் அவனுக்கு ஆசானாக வாய்த்தார். பழைய மெர்சிடிஸ் 240 டி காரின் டீசல் எஞ்சினை உரிமம் பெற்று பஜாஜ் டெம்போ நிறுவனம் நம் நாட்டிலேயே செய்தது. ஆகவே திருமண வீட்டார் ஏறிச்செல்லும் டெம்போ வேனின் உதிரி பென்ஸ் காருக்கும் பொருந்தும் என்பது போன்ற செய்திகள் அவர் நாவில் நின்றன. அத்தகைய அறிவு நூலில் இராது. கையிலிருந்து கைக்குப் போவது. பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாய் மாற்றி, ஒருவாறு வண்டியை ஓடச் செய்தனர். செலவு 70 ஆயிரத்தில் முடிந்தது. தாயின் பணத்தை மாதந்தோறும் தவணையாய்த் திருப்பித் தருகிறான். இன்னும் பாதி நிற்கிறது.

ஓடத் தொடங்கியதும் அவனுக்கு அடுத்த ஆசை பிறந்தது. எஞ்சினின் கணினியைத் திருத்தி எழுதினால், டர்போ கூடுதல் காற்றை அழுத்த, திறன் ஏறும் என்பர். ஏறும் என்பது மெய்யே. ஆனால் முதிர்ந்த கிளட்சும், குழாயும், பிரேக்கும் அந்தத் திறனைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. “முதலில் நிறுத்தக் கற்றுக்கொள், பிறகு ஓட்டலாம்,” என்று பாய் சொல்லிவிட்டார். அவன் பிரேக்கையும் டயரையும் புதுப்பித்ததோடு நின்றான். வேகம் பார்க்க வேண்டுமெனில் அதற்கு இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் பாரிவாக்கம் சாலை அதற்கில்லை.

நம் வாசகக் குடும்பங்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களைத் தடுக்க நாம் இதை எழுதவில்லை. வாங்குமுன் சிலவற்றை உசாவி அறிய வேண்டுமென்றே எழுதுகிறோம். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள்; வெள்ளம் கண்ட வண்டியில் அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளில் துரு உள்ளதா என்று நோக்குங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து பின் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு ஐயத்துக்குரியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போய், உங்கள் முன்னிலையில் கிளப்பச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். ரேடியேட்டரில் நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து அடைக்கும். 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. அதற்கென வார்க்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்களைக் கண்காணித்து மாற்ற வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குத் தகுதிச் சான்றோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்தவற்றுக்குத்தான் 2021-இல் வகுக்கப்பட்ட பழம்பெரும் வாகன விதி பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கேனும் பழுதுக்கென்று தனியே ஒதுக்கிய பின்னரே விலை பேசுங்கள். அந்த ஒதுக்கீடு கையில் இல்லையெனில், அந்தக் கார் நமக்கானதன்று.

விற்பவராயின், விரிப்பைத் தூக்கிக் காட்டுங்கள்.

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கிய அளவில் அது நம்முடையதாகி விடுவதில்லை என்பதே நம் எண்ணம். அதன் நோயை அறிந்து, அதற்கு மருந்து தேடி, கையில் கரி படிந்த பின்னரே அது நமக்கு உரியதாகிறது. நம் தங்கை மகன் இப்போது அண்டை வீட்டாரின் வண்டிகளையும் பார்த்துக் கொடுக்கிறான். பாய்க்கு வயதாகிறது, கண் மங்குகிறது. அவரிடமுள்ளதைப் பெற்றுக்கொள்ள இன்னும் இரண்டு பிள்ளைகள் புதுப்பேட்டைக்கு வந்தால் நன்று. லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் நம் தெருக்களில் பெருக வேண்டும். குதிரை பிறகு வரட்டும்.