ஒன்பதாம் தரத்தில் மூன்றாம் தரப் புத்தகம்

எங்கள் வீட்டில் அஸர் தொழுகைக்குப் பின் மூன்று விதமான ஆங்கிலம் நடக்கிறது. அடுத்த வளவுத் தங்கச்சி ஒன்பதாம் தரப் புத்தகத்தோடு வருவாள். அறுகம்பேயில் ஆட்டோ ஓடும் காக்கா, வெளிநாட்டுக்காரர் அனுப்பிய செய்தியை வாசிக்கச் சொல்லிப் போனை நீட்டுவார். நான் உயர்தரப் பொது ஆங்கிலத்தோடு இருப்பேன். மூவருக்கும் ஒரே பாடம் சரிவராது.

தங்கச்சியின் விஷயம்தான் அவசரமானது. நம் நாட்டில் மூன்றாம் தரத்திலேயே ஆங்கிலம் பாடமாகத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் அவளுக்கு இது ஏழாவது வருடம். ஆனாலும் சிறிய 'பி' எது, சிறிய 'டி' எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியாது. வீட்டு வேலையாக அவளுக்கு வந்ததோ செயப்பாட்டு வினை! "ராத்தா, நீங்க எழுதித் தாங்க, நான் பாத்து எழுதுறன்" என்றாள். ஆங்கிலம் முதற் பாடமாக வரும் நாளில் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். இன்னும் இரண்டு வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை.

செயப்பாட்டு வினையை மூடி வைத்துவிட்டு, அவளிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நிறைய இருந்தது. குர்ஆன் மத்ரஸாவில் எழுத்து பிறக்கும் இடத்தைச் சரியாகப் படித்தவள் அவள். 'ஃபா' ஓதும்போது மேற்பல் கீழுதட்டில் படுகிறதே, 'ஃபிஷ்' என்பதற்கும் அதுதான். 'ஸா' என்ற எழுத்துக்கு நாக்கு நுனியை மேல் முன்பற்களின் ஓரத்தில் வைப்போம். 'திங்க்' என்ற சொல்லின் தொடக்கமும் அங்கேதான் பிறக்கிறது. அரபில் இல்லாத 'ப' தமிழில் இருக்கிறது. நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியபோது, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்துச் செய்துகொண்டார்கள். இரண்டு எழுத்து முறைகள் தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது வராது என்று யார் சொன்னது?

இப்போது அவள் மூன்றாம் தரப் புத்தகத்தை வாசிக்கிறாள். வெட்கத்தில் அதன் அட்டையைப் பழைய கலண்டர் தாளால் மூடியிருக்கிறாள். நாளுக்கு ஐந்து சொல், இரண்டு வாக்கியம், சத்தமாக. அவ்வளவுதான்.

ஐரோப்பிய கவுன்சில் 2001 இல் வெளியிட்ட மொழித் திட்டத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு படியும் வயதால் அல்லாமல் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதால் அளக்கப்படுவது. முதற்படியில் இருப்பவர் தன்னை அறிமுகப்படுத்துவார், எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்பார். நம் வகுப்பறையிலோ ஒரே தரம், ஒரே புத்தகம், நாற்பது படிகள்.

காக்காவின் சிக்கல் வேறு. அலைச்சறுக்குப் பருவம் தொடங்கிவிட்டால் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுவார். பேச்சில் என்னை விட வேகம். ஆனால் நேற்றும் நாளையும் அவருக்கு ஒரே வினைச்சொல்தான். அவருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தால் எழுந்து போய்விடுவார். இறந்தகாலமும் மரியாதையும்தான் அவருக்குத் தேவை. நாம் "எங்க போறீங்க?" என்று கேட்டால் அது அன்பான விசாரிப்பு, அந்த 'ங்க' மரியாதையைச் சுமக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் அதட்டுவது போலிருக்கும், ஏனென்றால் அங்கே வினைச்சொல்லில் மரியாதை இல்லை. 'குட் யூ', 'பிளீஸ்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இதைச் சொன்னபோது, "அதுதான் அந்த வெள்ளைக்காரி முகத்தச் சுழிச்சிச்சா?" என்று சிரித்தார்.

என் படிக்கு வருகிறேன். பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்பதால் எங்களில் பலர் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்று விடுகிறோம். மருத்துவமோ பொறியியலோ கிடைத்துப் பல்கலைக்கழகம் போனால் விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில்தான். இந்தப் படிக்கு இலக்கணப் பயிற்சித் தாள் போதாது. ஒரு பத்திரிகைக் கட்டுரையை வாசித்து மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், எனக்கு அது சம்மதமா என்று நான்கு வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கிறேன். 'சம்மதமில்லை' என்று தொடங்கும் வாக்கியத்தில்தான் இன்னும் நின்றுவிடுகிறேன். இந்த மாதம் அதுதான் என் பாடம்.