மலிவு மீற்றர் சொல்வதும் சொல்லாததும்

தெஹிவளையில் குடியிருப்போருக்கு விமான ஓசை புதிதல்ல. காலி வீதியில் தெற்கே சென்றால் கல்கிசை, அதைத் தாண்டினால் இரத்மலானை. இலங்கையின் முதலாவது சர்வதேச விமான நிலையம் அமைந்த இடம் அது. 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாகத் தரையிறங்கிய சிறு விமானத்தை ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் என்பது தமிழர் பலருக்குத் தெரியாத செய்தி. பின்னாளில் பொறியியலாளர் றே விஜேவர்தன தாமே வடிவமைத்து, தம் கையாலேயே கட்டிய இலகு விமானங்களைப் பறக்கவிட்டதும் இரத்மலானையிலிருந்துதான். 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அவர் இரு சக்கர உழவு இயந்திரத்தால் உலகறியப்பட்டவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். வீட்டுக் கொட்டகையில் விமானம் செய்வது பைத்தியக்காரத்தனம் அல்ல என்று இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

என் தங்கையின் மகனும் அப்படி நினைப்பவன். வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். இறக்கையின் அகலம் ஒன்றரை மீற்றர், உள்ளே மின்மோட்டரும் லிதியம் பொலிமர் பற்றரியும். "மாமா, மலிவா ஒரு மீற்றர் வேணும். எதை வாங்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னவற்றையே, கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன். அரசியல் எழுதி அலுத்த கைக்கு இது ஒரு மாற்றம்.

எங்கள் விஞ்ஞானப் பாடநூல்கள் இந்தக் கருவியைப் பல்மானி என்கின்றன. கடையில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். மீற்றர் என்றால் போதும். வோல்ட், அம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் யோசனையைச் செயற்படுத்தியவர் பிரித்தானியத் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொனால்ட் மக்காடி. 1923இல் சந்தைக்கு வந்த அந்தக் கருவிக்கு, மூன்று அலகுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவோ என்று பெயரிட்டார்கள். 2008 வரை அது உற்பத்தியில் இருந்தது. என் இளமையில் வெள்ளவத்தை றேடியோ திருத்துநர்களின் மேசையில் இருந்தவை யப்பானியச் சன்வா மீற்றர்கள். ஊசி ஆடுவதைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார்கள்.

இன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைப்பவற்றுள் மிக மலிவானது டி.ரி. 830 என்ற பெயரில் பலரும் செய்து விற்கும் மஞ்சள் மீற்றர். வெள்ளவத்தையில் இருவர் கொத்துரொட்டி சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அதை ஏளனம் செய்பவர்கள் நிறையப் பேர். நான் செய்யமாட்டேன். ஆனால் அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரியாமல் அதை நம்பினால் விமானம் விழும்.

முதலில் இலக்கங்களின் மயக்கம். மலிவு மீற்றர்களின் நேரோட்ட வோல்ட் துல்லியம் பொதுவாக 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2உம் கூடலாம் குறையலாம் என்று கைநூல் சொல்லும். நிறைவாக ஏற்றிய லிதியம் கலம் ஒன்றின் வோல்ட்டளவு 4.20. இருபது வோல்ட் வீச்சில் வைத்து அதை அளந்தால், மீற்றர் 4.16 காட்டினாலும் 4.24 காட்டினாலும் இரண்டும் அதன் உரிமைக்குள்தான். ஆகவே கலம் மிகையாக ஏற்றப்பட்டுவிட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இந்த மீற்றர் தகுதியற்றது. அந்தப் பொறுப்பை நல்ல சாஜரிடம் விடவேண்டும். ஆனால் மூன்று கலங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று பார்ப்பதற்கு இதே மீற்றர் போதும். தவறு மூன்றிலும் ஒரே பக்கமாகத்தானே இருக்கும். மீற்றரின் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பற்றரி தேய்ந்தால் பல மலிவு மீற்றர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். சோர்ந்த பற்றரியைச் சுகமாக இருக்கிறது என்று சோர்ந்த மீற்றர் சொல்லும். பத்திரிகைத் தொழிலில் ஒரு செய்தியை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டோம். இதிலும் பக்கத்து வீட்டு மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அந்தப் பீப் ஒலி. மருமகன் முதலில் கேட்டதே "பீப் அடிக்கிற மீற்றர்" தான். தொடர்ச்சியைச் சோதிக்க அது வசதி, நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான மீற்றர்களில் தடை முப்பது, ஐம்பது ஓம் வரை இருந்தாலும் பீப் அடிக்கும். இருபது இழை கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அடிக்கும். தெஹிவளையில், அதுவும் காலி வீதியின் கடற்பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. யன்னல் கொளுக்கியிலிருந்து குளிரூட்டி வரை உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பித்தளை இணைப்பியில் பச்சைக் களிம்பு படரும். வெளியே பளபளக்கும் பற்றாசுக்கு அடியில் செம்பு கறுத்திருக்கும். இங்கே பழுது என்பது பெரும்பாலும் அறுந்த வயர் அல்ல. அறாமல், ஆனால் ஒழுங்காகவும் ஒட்டாமல் இருக்கும் இணைப்பு. பீப் ஒலி அதைக் கண்டுபிடிக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டர் 20 அம்பியர் இழுக்கிறது. வழியில் ஓர் இணைப்பின் தடை 0.05 ஓம். அந்த ஓர் இடத்திலேயே ஒரு வோல்ட் தொலைகிறது, 20 வாற்று வெப்பம் பிறக்கிறது. சிறிய பற்றாசுக்கோல் ஒன்றின் சூடு அது, நுரைப் பலகையால் செய்த விமானத்தின் வயிற்றுக்குள். மலிவு மீற்றரின் ஓம் வீச்சால் இந்தத் தடையைக் காண முடியாது. அதன் மிகச் சிறிய படியே 0.1 ஓம், அதன் சொந்த வயர்களின் தடையே இதைவிடப் பல மடங்கு.

ஆனால் அதே மஞ்சள் மீற்றரில் 200 மில்லிவோல்ட் வீச்சு ஒன்று இருக்கிறது. யாரும் அதைத் திருப்புவதில்லை. அதில் ஒரு படி என்பது 0.1 மில்லிவோல்ட். வழி இதுதான்: மோட்டரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் மோட்டார் காரின் 55 வாற்று முகப்பு மின்குமிழ் ஒன்றைப் பற்றரிக்கு நேரே மாட்டுங்கள். ஏறத்தாழ நாலரை அம்பியர் ஓடும். குமிழ் எரிந்துகொண்டிருக்கும்போது, மீற்றரின் இரு முனைகளையும் சந்தேகத்துக்குரிய இணைப்பின் இரு பக்கத்திலும் வையுங்கள். நல்ல இணைப்பானால் சில மில்லிவோல்ட் மட்டுமே காட்டும். 0.05 ஓம் இருந்தால் 230 மில்லிவோல்ட் வரும். வீச்சைத் தாண்டி "1" என்று திகைத்து நிற்கும். விலை கூடிய மீற்றர் இதைவிட அழகாகச் சொல்லும், ஆனால் இதைவிட வேறொன்றைச் சொல்லிவிடாது.

நிற்க. மருமகன் கடையில் நின்று உரத்த குரலில் இந்த விவரங்களையெல்லாம் விசாரித்தபோது எனக்கு வேறு நினைவுகள் வந்தன. தொண்ணூறுகளில் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. யாழ்ப்பாணத்தார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். இங்கே கொழும்பில் தடை இல்லை. ஆனால் பயம் இருந்தது. 1996 யூலை 24ஆம் திகதி மாலை தெஹிவளை நிலையத்தில், அலுவலகம் விட்டு வீடு திரும்புவோர் நிறைந்த புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியை எழுதியவர்களுள் நானும் ஒருவன். அதன் பிறகு வயர்த் துண்டும் பற்றரியும் ஒரு தமிழ் இளைஞனின் பையில் இருந்தால், அவை எதற்கு என்று சோதனைச் சாவடியில் விளக்கிக்கொண்டு நிற்கவேண்டும். விளக்கம் எப்போதும் ஏற்கப்படும் என்ற உறுதியும் இல்லை. 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கியபின், சிறு விமானம் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொன்னோம். என் சன்வா மீற்றரை அம்மா ஒருநாள் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று ஒரு பையன் நடுக்கடையில் நின்று, "இதிலே எத்தனை அம்பியர் அளக்கலாம்?" என்று சிங்களத்தில் கேட்கிறான். கடைக்காரர் தமிழில் பதில் சொல்கிறார்.

அந்த அம்பியர் விடயத்தில்தான் நான் கண்டிப்பாக இருந்தேன். மஞ்சள் மீற்றரின் 10 அம்பியர்த் துவாரத்துக்குப் பெரும்பாலும் உருகி கிடையாது. அதன் அருகிலேயே அப்படி எழுதியும் இருக்கும். சிவப்பு வயரை அந்தத் துவாரத்தில் மறந்து விட்டுவிட்டு, பற்றரியின் வோல்ட்டை அளப்பதாக எண்ணித் தொட்டால், அது அளவை அல்ல, குறுஞ்சுற்று. லிதியம் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். மலிவு வயரின் உறை உருகி விரலில் ஒட்டும். இதே மீற்றரை நாளை வீட்டில் யாராவது 230 வோல்ட் சுவர்ச் செருகியிலும் வைக்கப்போகிறார்கள். ஆகவே செலவைக் கூட்டுவதானால் இலக்கங்களுக்காகக் கூட்டவேண்டாம். இரண்டு துவாரத்துக்கும் உருகி, அதுவும் கண்ணாடிக் குழாய் அல்லாமல் மணல் நிரப்பிய பீங்கான் உருகி, வளைந்தாலும் வெடிக்காத சிலிக்கன் உறை வயர், இவற்றுக்காகக் கூட்டுங்கள். உறையில் பொறித்திருக்கும் பாதுகாப்புத் தரத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அச்சடிப்பது எளிது, எங்கள் தொழிலில் அது நன்றாகவே தெரியும்.

மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்க ஆசைப்பட்டால் கவ்வி மீற்றர் வாங்கலாம். வயரை வெட்டாமல், சுற்றிக் கவ்வி அளப்பது. இங்கே ஒரு பொறி உண்டு. மலிவான கவ்விகள் பல ஆடலோட்டத்தை மட்டுமே அளப்பவை. வீட்டு மின்சாரத்துக்கு உதவும், பற்றரிக்கு உதவா. நேரோட்டத்தையும் அளக்கும் சிறு கவ்விகளுள் யூனி-ரி நிறுவனத்தின் யூ.ரி. 210ஈ விலைக்கு நன்று. 100 அம்பியர் வரை போகும். அவசரமில்லை, பிறகு வாங்கலாம். மோட்டரை ஓடவிட்டு எதை அளப்பதானாலும் விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு விசிறிக்குப் பின்னால் நில்லுங்கள். மற்றச் சோதனைகளுக்கு விசிறியைக் கழற்றிவிடுங்கள்.

மனிதர் ஏறும் விமானம் கட்டுவோருக்கும் இதே மீற்றர் ஓர் உயிர்காக்கும் வேலை செய்யும். சிறு விமான எஞ்சின்களில் பொறியை உண்டாக்கும் மக்னீற்றோ, விமானத்தின் பற்றரியை நம்பியிருப்பதில்லை. ஆளியை நிறுத்தினால் நடப்பது, அதன் வயர் சட்டத்தோடு தொடுக்கப்படுவது மட்டுமே. அந்த வயர் எங்காவது அறுந்திருந்தால், ஆளி "நிறுத்து" என்று காட்டும், எஞ்சினோ உயிரோடிருக்கும். விசிறியைக் கையால் அசைத்தவர் கையை இழக்கலாம், உயிரையும் இழக்கலாம். வயரை மக்னீற்றோவிலிருந்து கழற்றி, சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஓம் பாருங்கள்: நிறுத்தில் பூச்சியத்துக்குக் கிட்ட, ஓட்டத்தில் திறந்த சுற்று. சோதித்து முடிந்தும், விசிறி எப்போதும் உயிரோடிருக்கிறது என்றே எண்ணி நடவுங்கள். விமானத்தைச் சான்றுப்படுத்துவது உரிமம் பெற்ற பொறியியலாளரின் கையொப்பம், மீற்றர் அல்ல. 1998 செப்ரெம்பர் 2ஆம் திகதி கனடாவின் கரைக்கு அப்பால் 229 பேரோடு விழுந்த சுவிஸ்எயர் 111ஐ விசாரித்தவர்கள், தீ பெரும்பாலும் ஒரு வயரில் பொறி பறந்ததால் தொடங்கியது என்ற முடிவுக்கு வந்தார்கள். அவ்வளவு பெரிய விமானத்திலேயே வயர் சின்ன விடயமாக இருக்கவில்லை.

கடைசியில் மருமகன் வாங்கியது நடுத்தரமான ஒன்று. இரண்டு துவாரத்துக்கும் உருகி உண்டு, பீப்பும் அடிக்கும். மஞ்சள் மீற்றரையும் ஒன்று, ஒப்பிடுவதற்கென்று, நான் வாங்கிக் கொடுத்தேன். முகப்புக் குமிழ் என் பழைய காரிலிருந்து வந்தது. பற்றரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் இடையிலுள்ள செருகியில் மஞ்சள் மீற்றர் 187 மில்லிவோல்ட் காட்டியது. பீப் சோதனையில் அதே செருகி முதல்நாள் தேறியிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பற்றாசு வைத்தான். இப்போது 4. இனி இரத்மலானை ஓடுபாதைக்கு எட்டத்தில் ஒரு வெளி தேடவேண்டும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் படிவங்களை நிரப்பவேண்டும். படிவம் நிரப்புவதில் எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது.