தந்தையின் தலைப்பெழுத்து

 

ஈராண்டுகளுக்கு முன் ஓரிரவு, இஷாத் தொழுகைக்குப்பின் சகோதரர் ஒருவர் நம் மதரஸாவுக்கு வந்தார். கையில் கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம். மனைவி, இரு மக்களின் பெயர்களை எழுதிவிட்டார். அடுத்த பெயரில் பேனா நின்றுவிட்டது. பெற்றோர் இருவரையும் இழந்து அவர் இல்லத்தில் வளரும் அண்ணன் மகள், 11 வயது, நம்மிடம் ஓதும் பிள்ளை.

“ஹஜ்ரத், இவளையும் என் மகள் என்றே எழுதப்போகிறேன். மதரஸாவிலிருந்து அப்படியொரு சான்றிதழ் தாருங்கள். யத்தீமை விட்டுச்செல்வது பாவமில்லையா?”

நம் மனம் இளகியது. முத்திரை இருந்த இழுப்பறைவரை கை சென்றதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தபோது, அவள் தந்தை அருகில் நிற்க நாமே எழுதிய வரி கண்ணில் பட்டது. அவள் பெயருக்கு முன் அவருடைய தலைப்பெழுத்து. வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. அதனை ஓதிக்கொடுக்கும் நாம் அதற்கு மாறாகக் கையெழுத்திடலாமா?

பின்னர் இருவரும் அமர்ந்து விதிகளைப் படித்தோம். சார்ந்து வாழும் பிள்ளை என அந்நாடு பொதுவாக ஏற்பது, 22 வயது நிரம்பாத, மணமாகாத சொந்தப் பிள்ளையையோ சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையையோ மட்டுமே. பொய்யுரைத்தது தெரியவந்தால் 5 ஆண்டுகள் நுழையத் தடை. உடன் செல்லாத மனைவி மக்களையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டாக வேண்டும். மறைத்தால், பின்னாளில் அவர்களை அழைத்துக்கொள்ளும் வழியே அடைபடலாம். ஆனால் அதே விதிகளில் ஒரு வாசலும் திறந்திருந்தது. நிரந்தரமாகக் குடியேறியவர், பெற்றோர் இருவரும் மறைந்த, 18 வயது நிரம்பாத, மணமாகாத உடன்பிறந்தார் பிள்ளைக்குப் பொறுப்பேற்று விண்ணப்பிக்கலாம்.

வாசல் உண்டு, பிரிவும் உண்டு. அன்று அவர் அழுதார், நாமும் அழுதோம்.

சென்ற ஆண்டு அக்குடும்பம் புறப்பட்டது. பிள்ளை பாட்டியாரிடம் இருக்கிறாள். அவளுக்கான விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. சிற்றப்பா தம்மை விட்டுச்சென்றார் என்று அவள் எண்ணும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் நமக்கும் உறக்கம் வருவதில்லை. ஆயினும் மாலைதோறும் ஓத வந்து, ஏட்டில் தந்தையின் தலைப்பெழுத்தை இட்ட பிறகே தன் பெயரை எழுதுகிறாள்.

அவளுக்காக துஆச் செய்யுங்கள். உண்மையைப் பற்றி நின்றோரை வல்ல அல்லாஹ் விரைவில் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.